கணினிக்கு அரண் கண்ட வரலாறு
சிங்கப்பூர் அரசாங்கத்தின் இணையப் பாதுகாப்புக் கொள்கை

ஒரு நாட்டிற்கு இன்றியமையாத உறுப்புகளை வகுத்துரைத்த பழந்தமிழ்ச் சான்றோர், அரணையும் அவற்றுள் ஒன்றாக வைத்து எண்ணினர். திருக்குறளின் பொருட்பாலில் 75ஆம் அதிகாரம் ‘அரண்’ என்பதாகும். நீர், மண், மலை, காடு என்னும் நால்வகைக் காவலையும், மதிலுக்கு வேண்டிய உயரம், அகலம், திண்மை முதலியவற்றையும் முறையே எடுத்துரைத்த வள்ளுவர், அதிகாரத்தை முடிக்குமிடத்தில் வேறொரு கருத்தை வைக்கின்றார். எத்துணைச் சிறப்புகள் வாய்ந்த அரணாயினும், உள்ளிருப்போரிடம் செயற்றிறம் இல்லையேல் அவ்வரண் பயன்படாது என்பதே அது.

இவ்வுண்மையைச் சிங்கப்பூர் 1942ஆம் ஆண்டில் நேரிற் கண்டது. கடல் வழியே வரும் பகைவரைத் தடுக்கப் பெரும் பீரங்கிகள் இத்தீவின் கரையில் நிறுத்தப்பட்டிருந்தன. ஜப்பானியப் படையோ மலாயாவின் வழியே தெற்கு நோக்கி வந்து, பிப்ரவரி 8ஆம் நாள் இரவு ஜோகூர் நீரிணையைக் கடந்தது. பீரங்கிகளிற் பலவற்றை வடக்கே திருப்ப இயன்றது. ஆயினும் அவற்றிற்கென இருந்த குண்டுகளிற் பெரும்பாலானவை கப்பலைத் துளைப்பதற்காக ஆக்கப்பட்டவை. ஒரே வாரத்தில், பிப்ரவரி 15ஆம் நாள், வீழாது எனப் பெயர் பெற்ற கோட்டை வீழ்ந்தது.

இக்காலத்தில் நாட்டின் செல்வமும் மக்களின் வாழ்வும் கணினிகளிலும் அவற்றை இணைக்கும் வலைப்பின்னல்களிலும் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றிற்கு அரண் செய்ய முற்பட்ட அரசாங்கங்களுள் சிங்கப்பூர் குறிப்பிடத்தக்கது. அதன் கொள்கை வளர்ந்த வரலாற்றை ஒருங்கே வைத்து நோக்குவார்க்கு மூன்று படிகள் புலப்படும். முதலிற் சட்டம் திருடனை நோக்கிற்று. அடுத்து மதிலை நோக்கிற்று. மூன்றாவதாகக் காவலனை நோக்கலாயிற்று. மூன்றாம் படியே யாவற்றினும் அரியது என்பதை 2018ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு பெருங்களவு காட்டிற்று.

கணினி வந்த வழி

இயற்கை வளம் குன்றிய இத்தீவு, மக்களின் உழைப்பையும் அறிவையுமே முதலாகக் கொண்டு வாழ வேண்டியிருந்தது. ஆகவே கணினியின் பயனை அரசாங்கம் தொடக்கத்திலேயே உணர்ந்தது. 1981ஆம் ஆண்டில் தேசியக் கணினி வாரியம் நிறுவப்பட்டு, அரசாங்க அலுவலகங்களிற் கணினியைப் புகுத்தும் பணி தொடங்கிற்று. 1989ஆம் ஆண்டில் ‘டிரேட்நெட்’ என்னும் வாணிப வலைப்பின்னல் செயற்படலாயிற்று. அதற்கு முன்னர், ஏற்றுமதி இறக்குமதிக்கு உரிய அனுமதிப் பத்திரம் பெறுவதற்கு இரண்டு முதல் நான்கு நாள் வரை செல்லும். அப்பணி 15 நிமிடத்தில் முடியும் நிலை அதன்பின் ஏற்பட்டது. 1992இல் வெளியிடப்பட்ட தகவல் தொழில்நுட்பத் திட்டம், நாட்டையே ஓர் ‘அறிவார்ந்த தீவு’ ஆக்குவதனைத் தன் நோக்கமாகக் கொண்டிருந்தது.

துறைமுகமும் வங்கியும் மருத்துவமனையும் கணினியைச் சார்ந்து நிற்கத் தொடங்கியபின், அக்கணினி பழுதுறின் அவை யாவும் பழுதுறும் என்பது வெளிப்படை. வசதி பெருகிய அளவிற்கு அச்சத்திற்குரிய காரணமும் பெருகிற்று.

திருடனைத் தண்டிக்கும் சட்டம்

கணினியிற் புகுந்து தகவலைக் கவர்வோனைப் பழைய சட்டங்களைக் கொண்டு தண்டிப்பது எளிதாக இருக்கவில்லை. ஓலைச்சுவடியைத் திருடினாற் சுவடி காணாமற்போகும். திருட்டு நிகழ்ந்தமைக்கு அதுவே சான்று. கணினியிலுள்ள தகவலைப் படியெடுத்தாலோ மூலம் இருந்த இடத்திலேயே இருக்கும். உடையவனுக்குத் தான் இழந்தது தெரியவே தெரியாது. எதனையும் எடுக்காமல் உள்ளே புகுந்து பார்த்துத் திரும்புவோனை எக்குற்றத்தின்கீழ் வைப்பது என்னும் வினாவும் எழுந்தது.

பிரிட்டனில் இவ்வினா உயர்ந்த மன்றம் வரையிற் சென்றது. அந்நாட்டின் தொலைபேசி நிறுவனம் நடத்திய தகவற் சேவை ஒன்றில் இருவர் பிறருடைய கடவுச்சொல்லைக் கொண்டு புகுந்து, எடின்பரோக் கோமகனுக்கு உரிய அஞ்சற்பெட்டியையும் எட்டினர். வேறு சட்டம் இன்மையால் அவர்கள்மேல் கள்ளப் பத்திரம் புனைதல் பற்றிய சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரப்பட்டது. அவர்கள் செய்தது அச்சட்டத்தில் அடங்காது எனப் பிரபுக்கள் சபை 1988இல் தீர்ப்பளித்தது. இதன் விளைவுகளுள் ஒன்றாக 1990ஆம் ஆண்டில் பிரிட்டன் கணினி முறைகேட்டுச் சட்டத்தை இயற்றிற்று.

அதனைப் பெரிதும் தழுவியே 1993ஆம் ஆண்டின் சிங்கப்பூர்க் கணினி முறைகேட்டுச் சட்டம் அமைந்தது. உரிமையின்றிக் கணினியிற் புகுதல், குற்றம் புரியும் எண்ணத்தோடு புகுதல், கணினியில் உள்ளவற்றை உரிமையின்றி மாற்றுதல் முதலியன இச்சட்டத்தாற் குற்றங்களாயின. குற்றம் புரிந்தவன் வெளிநாட்டிலிருப்பினும், கணினி சிங்கப்பூரில் இருந்ததாயின் சட்டம் அவன்மீது செல்லும். 1998இற் செய்த திருத்தம், நாட்டுப் பாதுகாப்பு, வங்கி, போக்குவரத்து, தொலைத்தொடர்பு முதலியவற்றிற்கு உரிய கணினிகளைக் ‘காக்கப்பட்ட கணினிகள்’ எனத் தனியே பிரித்தது. அவற்றைத் தாக்குவோர்க்கு 100,000 வெள்ளி வரை அபராதமும் 20 ஆண்டு வரை சிறையும் விதிக்க வழி ஏற்பட்டது.

இச்சட்டம் பயனற்றுப்போகவில்லை. 2013ஆம் ஆண்டின் இறுதியில் இணையத்தளங்கள் சிலவற்றைத் தாக்கிய ஒருவர் கோலாலம்பூரிற் பிடிபட்டு, 2015இல் நான்கு ஆண்டு எட்டு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். ஆயினும் தண்டனை என்பது குற்றம் நிகழ்ந்தபின் வருவது. பிடிக்க முடியாத தொலைவிலிருந்து, பேராற்றல் படைத்தோர் துணையோடு தாக்குவோனைத் தண்டனைச் சட்டம் அச்சுறுத்தாது.

மதிலெழுப்பிய ஆண்டுகள்

இவ்வுணர்வு அரசாங்கத்திற்கு முன்னமே இருந்தது. 1997ஆம் ஆண்டிலேயே கணினி அவசர நிலைகளிற் பிறர்க்கு உதவும் பொருட்டு ‘சிங்செர்ட்’ என்னும் குழு அமைக்கப்பட்டது. 2003இற் கணினி முறைகேட்டுச் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டு, நாட்டின் இன்றியமையாச் சேவைகளுக்கு வரவிருக்கும் தீங்கை முன்கூட்டியே தடுக்கும் நடவடிக்கைகளுக்கு ஆணையிடும் அதிகாரம் அமைச்சருக்கு அளிக்கப்பட்டது. குற்றம் நிகழும்வரை காத்திராது முற்காப்புச் செய்தல் என்னும் கருத்து இவ்வாறு சட்டத்தில் இடம்பெற்றது.

2005ஆம் ஆண்டில் மூன்றாண்டுக் காலத்திற்கென 38 மில்லியன் வெள்ளிச் செலவிற் பாதுகாப்புப் பெருந்திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. 2008இல் 70 மில்லியன் வெள்ளியில் இரண்டாம் திட்டம் அதனைத் தொடர்ந்தது. இவ்விரண்டிற்கும் இடையே, 2007ஆம் ஆண்டில், எஸ்தோனியா என்னும் சிறு நாட்டின் அரசாங்கத் தளங்களும் வங்கிகளும் செய்தித்தாள்களும் வாரக் கணக்கிற் கணினித் தாக்குதலுக்கு உள்ளாயின. கணினிமயத்தில் முன்னேறிய சிறு நாடு ஒன்றுக்கு நேரக்கூடிய இடர் யாதென்பதை அந்நிகழ்ச்சி உலகிற்கு உணர்த்திற்று. 2009 அக்டோபரில் சிங்கப்பூர் உள்துறை அமைச்சு, தகவல் தொழில்நுட்பப் பாதுகாப்பிற்கெனத் தனி ஆணையம் ஒன்றை நிறுவிற்று.

பல அலுவலகங்களிற் பரந்து கிடந்த இப்பொறுப்பு, 2015 ஏப்ரல் 1ஆம் நாள் பிரதமர் அலுவலகத்தின்கீழ் அமைக்கப்பட்ட சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பிடம் ஒருங்கே ஒப்படைக்கப்பட்டது. மறு ஆண்டு ஜூன் மாதத்தில் ஓர் அறிவிப்பு வெளிவந்து பலரையும் வியப்பில் ஆழ்த்திற்று. அரசாங்க ஊழியர் பயன்படுத்தும் ஏறத்தாழ 100,000 கணினிகளை இணையத்தினின்றும் பிரித்துவிடுவது என்பதே அவ்வறிவிப்பு. ‘அறிவார்ந்த தேசம்’ காண முற்பட்ட அரசாங்கம் தன் ஊழியரை இணையத்தினின்றும் விலக்குவதா எனக் குறை கூறினோர் உண்டு. இவ்வாறு பிரிப்பது கோட்டைக்கு அகழி வெட்டுவது போன்றது. பொருள் உள்ளே இருக்கும். புறத்தோடு அதற்குத் தொடர்பு இராது. அரசாங்க அலுவலகங்களில் இப்பணி 2017இல் நிறைவுற்றது. பொது மருத்துவமனைகளில் மட்டும் அவ்வேற்பாடு அப்போது நடைமுறைக்கு வரவில்லை. நோயாளர்க்குப் பணிபுரியும் மருத்துவர்க்கு இணையத் தொடர்பு வேண்டியிருந்தமையே அதற்குக் காரணம்.

காவலன்மேல் வைத்த கடமை

2018 பிப்ரவரி 5ஆம் நாள் நாடாளுமன்றம் இணையப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. இச்சட்டம் முன்னைய சட்டங்களினின்றும் இயல்பில் வேறுபட்டது. தாக்குவோன் செய்யலாகாதவற்றைக் கணினி முறைகேட்டுச் சட்டம் கூறிற்று. உடையவன் செய்ய வேண்டியவற்றை இச்சட்டம் கூறலாயிற்று.

எரிசக்தி, நீர், வங்கி நிதி, சுகாதாரம், தரைப் போக்குவரத்து, கடல்துறை, விமானத் துறை, தகவல் தொடர்பு, ஊடகம், பாதுகாப்பும் அவசரச் சேவையும், அரசாங்கம் என்னும் 11 துறைகள் இன்றியமையாதன எனக் குறிக்கப்பட்டன. அத்துறைகளிற் சேவையை நடத்துதற்கு முதன்மையான கணினி அமைப்புகளை ஆணையர் பெயர் சுட்டி அறிவிப்பார். அறிவிக்கப்பட்டவற்றின் உரிமையாளர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தம் அமைப்பிற்கு வரக்கூடிய இடரை ஆராய்தல் வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையேனும் தணிக்கை நடத்துதல் வேண்டும். யாவற்றினும் மேலாக, தாக்குதல் நிகழ்ந்ததை அறிந்தவுடன் ஆணையருக்கு அறிவித்தல் வேண்டும். முதல் தகவலைத் தருவதற்கு விதிகள் அளித்த காலம் இரண்டு மணி நேரம். தக்க காரணமின்றி அறிவிக்கத் தவறினால் 100,000 வெள்ளி வரை அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம்.

களவு கொடுத்தவன் அதனை வெளியிற் சொல்ல நாணுவது உலக இயல்பு. வங்கியோ மருத்துவமனையோ தன் காவல் உடைந்ததெனச் சொன்னால் மக்களின் நம்பிக்கை குறையும். ஆயின் ஒருவர் மறைத்தால், அதே கன்னக்கோல் அடுத்த வீட்டுச் சுவரிலும் வைக்கப்படும். சொல்லாமையைக் குற்றமாக்கியது இதனாலேயே. இச்சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 2018 ஆகஸ்ட் 31. பிப்ரவரிக்கும் ஆகஸ்டுக்கும் இடைப்பட்ட அம்மாதங்களிலேயே அக்களவு நிகழ்ந்தது.

சிங்ஹெல்த் களவு

சிங்ஹெல்த் என்பது சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை முதலிய பல மருத்துவ நிலையங்களை உள்ளடக்கிய பெருங்குழுமம். அதன் கணினிகளை ஐஎச்ஐஎஸ் என்னும் அரசாங்கச் சார்புடைய நிறுவனம் பராமரித்து வந்தது. 2017 ஆகஸ்ட் அளவில், வஞ்சக மின்னஞ்சல் வழியாகப் பகைவர் ஒரு கணினியிற் கால் வைத்தனர் என்பது பின்னர்த் தெரியவந்தது. அவர்கள் விரையவில்லை. மாதக் கணக்கிற் பதுங்கியிருந்து, ஒரு கணினியிலிருந்து மற்றொன்றிற்குப் படிப்படியாக நகர்ந்தனர். நிர்வாகக் கணக்குகளுள் ஒன்று, ‘பாஸ்வேர்ட்’ என்னும் சொல்லிலேயே ஓரிரு எழுத்துகளைக் குறியீடுகளாக மாற்றி அமைத்த கடவுச்சொல்லாற் பூட்டப்பட்டிருந்தது. பெருமதிலில் இத்தகைய திட்டிவாயில் இருந்தால் கன்னம் வைக்க வேண்டுவதில்லை.

2018 ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை நோயாளரின் ஆவணங்கள் படியெடுக்கப்பட்டன. 2015 மே 1ஆம் நாளுக்குப்பின் அக்குழுமத்தின் மருத்துவ நிலையங்களுக்கு வந்து சென்ற ஏறத்தாழ 15 இலட்சம் பேரின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பாலினம், இனம், பிறந்த நாள் ஆகியவை பகைவர் கையிற் சென்றன. அவர்களுள் ஏறத்தாழ 160,000 பேர்க்கு வழங்கப்பட்ட மருந்துகளின் விவரமும் போயிற்று. அப்போது பிரதமராயிருந்த லீ சியன் லூங்கின் விவரத்தைப் பகைவர் குறிப்பாகவும் மீண்டும் மீண்டும் தேடினர். சிங்கப்பூரின் மக்கள்தொகை 56 இலட்சம் அளவில் இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால் இக்களவின் பரப்பு விளங்கும். ஏறக்குறைய ஒவ்வொரு குடும்பத்தையும் இது தொட்டது எனலாம்.

அவ்விவரங்களுள் முகவரியை மாற்றிக்கொள்ளலாம். பிறந்த நாளை மாற்ற இயலாது. பணம் களவு போனால் மீட்கவும் கூடும், ஈட்டவும் கூடும். ஒருவர் உட்கொள்ளும் மருந்து அவருடைய நோயைச் சொல்லிவிடும். அம்மறையை மீட்டுத் தருவதற்கு எந்த நீதிமன்றத்தாலும் இயலாது.

விசாரணைக் குழு கண்டது

ஜூலை 20ஆம் நாள் களவு மக்களுக்கு அறிவிக்கப்பட்டது. ஓய்வு பெற்ற தலைமை மாவட்ட நீதிபதி ரிச்சர்ட் மேக்னஸ் தலைமையில் நால்வர் கொண்ட விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அக்குழு 37 சாட்சிகளை விசாரித்தது. அதன் அறிக்கை 2019 ஜனவரி 10ஆம் நாள் வெளியாயிற்று. நாட்டின் பாதுகாப்பை முன்னிட்டுச் சில பகுதிகள் நீக்கப்பட்டபோதிலும், தன் குறைகளைத் தானே எடுத்துரைக்கும் அத்தகைய ஆவணத்தை ஓர் அரசாங்கம் வெளியிடுதல் எளிதிற் காணக்கூடியதன்று.

தாக்கியவர் தேர்ந்த திறமும் பொறுமையும் உடையவர் என்று குழு கண்டது. ஆயினும் களவு தவிர்க்க முடியாததாக இருந்தது என்று அது கூறவில்லை. ஜூன் மாத நடுவிலேயே தகவற் களஞ்சியத்தினுள் நுழைய எவரோ முயன்று தோற்றதை ஊழியர் சிலர் கண்டிருந்தனர். ஜூலை 4ஆம் நாள் வழக்கத்திற்கு மாறான தேடல்களைக் கண்ட கீழ்நிலை ஊழியர் ஒருவர், மேலிடத்துக் கட்டளைக்குக் காத்திராமல் அவற்றை நிறுத்தினார். களவு அந்த அளவில் நின்றமைக்கு அவருடைய விழிப்பே காரணம். அவர்க்கு மேலே இருந்து உடனே அறிவிக்க வேண்டியவரோ தயங்கினார். அறிவித்தால் மேலிடத்தார் ஓயாது விவரம் கேட்டுத் தம்மையும் தம் குழுவினரையும் நெருக்குவர் என்று அவர் அஞ்சியது விசாரணையில் வெளிப்பட்டது. ஜூலை 10ஆம் நாளிலேயே இணையப் பாதுகாப்பு அமைப்பிற்குச் செய்தி எட்டியது. கண்டறிந்த நாளுக்கும் சொல்லிய நாளுக்கும் இடையே ஆறு நாள் கழிந்தன.

ஊழியரின் பயிற்சிக் குறைவும், முதன்மையானோர் தக்க வேளையிற் செயற்படாமையும் அறிக்கையின் முதன்மையான முடிவுகளுள் வைக்கப்பட்டன. கருவிகளின் குறையும் அதன்பின் கூறப்பட்டது. 16 பரிந்துரைகளைக் குழு வழங்கிற்று. அரசாங்கம் அவை அனைத்தையும் ஏற்றது. தனிநபர் தகவற் பாதுகாப்பு ஆணையம் ஐஎச்ஐஎஸ் நிறுவனத்திற்கு 750,000 வெள்ளியும் சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளியும் அபராதம் விதித்தது. ஊழியர் இருவர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். தலைமை நிர்வாகி உள்ளிட்ட மேலதிகாரிகளுக்கும் பணத்தண்டம் விதிக்கப்பட்டது. தாக்கியவர் இன்னார் என்பதை அரசாங்கம் அறிந்திருந்தும், நாட்டு நலன் கருதி வெளியிடவில்லை. திருடன் பெயர் தெரியாமலே காவலர் தண்டிக்கப்பட்ட வழக்கு இது. கொள்கை அடைந்த மாற்றத்திற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இம்முறை நேரியதா என்னும் வினா எழுதல் இயல்பே. தவறியவரைத் தண்டித்தால், அடுத்த முறை தவறு செய்தவர் அஞ்சி மறைப்பார் என்பர் ஒரு சாரார். எவரும் பொறுப்பேற்காவிடின் விழிப்பு வாராது என்பர் மற்றொரு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு. தவறுதல் வேறு, தவறியதை மறைத்தல் வேறு என்னும் பிரிவைச் சட்டமும் நிர்வாகமும் கைவிடாமற் காத்தல் ஒன்றே இதற்கு வழி. உடனே வந்து சொன்னவனுக்கும் ஒளித்து வைத்தவனுக்கும் ஒரே தண்டனை கிடைக்கும் இடத்தில் எவனும் வாய் திறவான்.

பின்னர் நடந்தவை

2019 பிப்ரவரி 15ஆம் நாள், 1942இன் வீழ்ச்சியை நினைவுகூரும் அதே நாளில், ‘மின்னிலக்கத் தற்காப்பு’ என்பது முழுமைத் தற்காப்பின் ஆறாம் தூணாகச் சேர்க்கப்பட்டது. 1984இல் ஐந்து தூண்களோடு தொடங்கிய அக்கொள்கை, நாட்டைக் காப்பது படைவீரரின் பணி மட்டுமன்று, குடிமக்கள் யாவரின் கடமையும் ஆகும் என்பதனை அடிப்படையாகக் கொண்டது. 2020இல் வீடுகளிற் பயன்படும் இணையக் கருவிகளின் பாதுகாப்புத் தரத்தைக் காட்டும் முத்திரைத் திட்டம் ஏற்பட்டது. 2022 அக்டோபரில் தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகியவற்றோடு நான்காவதாக மின்னிலக்க, உளவுத்துறைப் படை அமைக்கப்பட்டது.

2024 மே 7ஆம் நாள் இணையப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டது. இன்றியமையாச் சேவையை நடத்துவோர் பிறருடைய கணினி அமைப்புகளை வாடகைக்குப் பெற்று நடத்தும் வழக்கம் பெருகிவிட்டமையால், அவ்வமைப்புகளின் பாதுகாப்பிற்கும் சேவை நடத்துவோரே பொறுப்பேற்கும் வகையில் திருத்தம் செய்யப்பட்டது. பொருளைப் பிறர் வீட்டில் வைத்தாலும் காக்கும் கடமை நீங்காது என்பது இதன் கருத்து.

பிறர் கையில் ஒப்படைத்த காவல் எத்தகையது என்பதை அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்திற் பள்ளிகள் கண்டன. மாணவரின் கற்றற் கருவிகளை மேற்பார்வையிட வெளிநாட்டு நிறுவனம் ஒன்றன் செயலி பயன்படுத்தப்பட்டு வந்தது. அந்நிறுவனத்தின் அமைப்பில் எவரோ புகுந்தமையால், 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 13,000 மாணவரின் கருவிகளில் இருந்தவை அழிக்கப்பட்டன. தேர்வுக்கெனக் குறிப்புகளைச் சேர்த்து வைத்திருந்த மாணவர் பலர் வெறுங்கையராயினர். கல்வி அமைச்சு அச்செயலியை எல்லாக் கருவிகளினின்றும் நீக்கிற்று. இணையப் பாதுகாப்பு என்பது அமைச்சுகளுக்கும் வங்கிகளுக்கும் மட்டும் உரியதெனக் கருதியிருந்த ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் அது வகுப்பறைக்கே வந்து தன்னை அறிவித்தது.

2025 ஜூலை 18ஆம் நாள் தேசியப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பு அமைச்சர் கா. சண்முகம், நாட்டின் முதன்மையான கணினி அமைப்புகளை ‘யுஎன்சி3886’ என்னும் குழு தாக்கி வருவதாக வெளிப்படையாக அறிவித்தார். 2018இற் பெயர் கூறாது விட்ட அரசாங்கம், ஏழு ஆண்டுகளுக்குப்பின் எந்த நாட்டையும் சுட்டாமல் குழுவின் பெயரை மட்டும் கூறிற்று. தாக்குதல் நடந்து முடியுமுன்னரே மக்களுக்கு அதனை அறிவித்தது, சொல்லுதலின் பயனை அரசாங்கமே உணர்ந்தமையைக் காட்டுகின்றது.

1993 முதல் இன்று வரையிலான இவ்வரலாற்றிற் சட்டங்கள் பல வந்தன, செல்வம் மிகுதியாகச் செலவிடப்பட்டது, அமைப்புகள் தோன்றின. அவை யாவும் வேண்டியனவே. ஆயினும் 2018 ஜூலை 4ஆம் நாள் 15 இலட்சம் பேரின் விவரத்தோடு களவு நின்றது, விழித்திருந்த ஓர் ஊழியராலேயே. அதற்குப் பின்னும் ஆறு நாள் வீணானது, சொல்லத் தயங்கிய ஒருவராலேயே. அரண் அதிகாரத்தின் இறுதிக் குறளை வகுப்பில் விளக்கும் ஆசிரியர்க்கு இனி மதிலையும் அகழியையும் மட்டும் எடுத்துக்காட்ட வேண்டுவதில்லை. தம் மாணவர் கையிலுள்ள கருவியையும், அதிற் பிழை நேர்ந்தால் அஞ்சாமல் வந்து சொல்ல வேண்டிய கடமையையும் சேர்த்தே காட்டலாம்.